எனக்கு வராத கணைச்சூடு

எங்கள் அப்பா தம் பிள்ளைகள்மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை. நான் சொல்வது முப்பதுகளின் நடுப்பகுதி. அந்தக் காலத்துத் தென்காசியில், அதுவும் எங்கள் தெருவில், இது சாதாரண விஷயமல்ல. எதிர்வீட்டுக்காரர் தம் மகனைத் தூணில் கட்டிவைத்து அடிப்பார். கோடிவீட்டுக்காரர் இடுப்பு வாரைக் கழற்றிக் கையில் எடுத்த பிறகுதான் பிள்ளையின் பெயரையே கூப்பிடுவார். எங்கள் அப்பாவோ சாயங்காலம் வீடு திரும்பும்போது கோட்டுப் பையில் எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு பொட்டலம் காராச்சேவு கொண்டுவருவார். பேர்பெற்ற வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்தார். கட்சிக்காரர்கள் "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று அவரைச் சுற்றி வருவார்கள். பிள்ளைகளை அடிப்பது பற்றிப் பேச்சு எழுந்தால், "பச்சப் பிள்ள மேல கை ஓங்குதவன் ஒரு மனுசனாவே?" என்று கேட்பார். எதிர்வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொள்வார். எனக்குப் பெருமை தாங்காது.

எனக்கும் தம்பிக்கும் அடி கிடைத்ததெல்லாம் அம்மாவிடம்தான்.

மூத்த பெண்ணான எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பிக்கு நாலு. அம்மா எதற்கு அடிப்பாள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தண்ணீர்ச் செம்பு கவிழ்ந்தால் ஒருநாள் "போட்டும், துணியப் போட்டுத் தொடச்சிரு" என்பாள். இன்னொரு நாள் அதே செம்புக்கு முதுகு வீங்கிவிடும். பள்ளிக்கூடத்துக் கணக்குகளையெல்லாம் வேகமாகப் போடுகிற எனக்கு இந்தக் கணக்கு மட்டும் பிடிபடவில்லை. இத்தனைக்கும் விடை கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. முந்தின நாள் அப்பா அம்மாவை அடித்திருந்தால் மறுநாள் செம்பு கவிழக் கூடாது. அவ்வளவுதான்.

அப்பா அம்மாவை அடிப்பது எங்களுக்கு மழை வெயில் மாதிரி. ரசத்தில் உப்புக் கூடிப்போனதற்கு, வளையல்காரனிடம் வாசலில் நின்று பேசியதற்கு, கூப்பிட்ட குரலுக்கு உடனே வராததற்கு என்று ஏதாவது ஒன்று இருக்கும். அடுக்களைக் கதவு சாத்தப்படும். அதிகம் சத்தம் கேட்காது. அம்மா வாய்விட்டு அழுது நாங்கள் கேட்டதில்லை. சற்று நேரத்தில் அப்பா வெளியே வந்து முகம் கழுவி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, எங்களை இரண்டு பக்கமும் உட்காரவைத்துக் காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரிப்பார்.

சாயங்காலம் ஐந்து மணி ஆனதுமே வீடு மாறத் தொடங்கிவிடும். அம்மா தரையை இரண்டாம் தடவை பெருக்குவாள். கூடத்து விளக்கின் கண்ணாடியைத் துடைத்த பிறகும் துடைப்பாள். "சத்தம் வரப்படாது, கேட்டியா? அவிய வார நேரம்" என்பாள். அந்த நேரத்தில் தம்பி உரக்கச் சிரித்துவிட்டால் வாய்மேலேயே ஒன்று விழும். அவனைச் சிரிக்கவைத்த எனக்கு இரண்டு விழும். அப்பாவுக்குக் கோபம் வராமல் பார்த்துக்கொள்ள அம்மாவுக்குத் தெரிந்த வழி எங்களை அடித்து அடக்கி வைப்பதுதான்.

அம்மாவிடம் வாங்கியதை நான் தம்பியிடம் கொடுத்தேன். கைக்கும் விலாவுக்கும் இடையில் கிள்ளினால் சட்டைக்குள் மறைந்துவிடும். வெளியே தெரியாத இடம் பார்த்து அடிக்கும் வித்தையை எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தம்பிக்குக் கீழே ஆளில்லை. அவன் அடுப்படிப் பூனையைத் தேடிப் போவான். அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "சத்தம் வரப்படாது, கேட்டியா?" என்பான். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார ஒரு பிள்ளையும் சம்மதிக்காது. சிலேட்டின் மரச்சட்டத்தால் ஒருத்தியின் முழங்கையில் அடித்ததற்காக வாத்தியார் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். "பிள்ளைக்கு இந்தக் குணம் எங்கேருந்தும்மா வந்தது?" என்று அவர் கேட்டார். அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புறப்பட்டாள். வீட்டுக்கு வந்து என்னை அடித்தாள்.

எனக்கென்று இன்னொரு ஆயுதமும் இருந்தது. அப்பா காராச்சேவைப் பிரிக்கும்போது அவர் தோளில் சாய்ந்து, "எப்பா, அம்மா என்னைய அடிச்சிட்டா" என்று சிணுங்கினால் போதும். அப்பாவின் முகம் சிவந்துவிடும். "பிள்ளைய அடிச்சியாளா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து போவார். அடுக்களைக் கதவு மறுபடி சாத்தப்படும். பிள்ளையை அடித்ததற்காகப் பிள்ளையின் தாயை அடிக்கும் அந்த நியாயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மறுநாள் அம்மா ஏன் முன்னைவிடப் பலமாக அடிக்கிறாள் என்பதுதான் புரியவில்லை. ஆகவே எங்கள் வீட்டில் நல்லவர் அப்பா, பொல்லாதவள் அம்மா. இதில் எனக்கு அந்த வயதில் ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.

அந்த வருஷம் ஆனி மாதம் பெரிய ஜமீன் வழக்கு ஒன்றுக்காக வக்கீல் மதுரைக்குப் போனார். கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அப்பாவும் உடன் போக வேண்டியதாயிற்று. திரும்ப இரண்டு மாதமாகலாம் என்றார்கள். அம்மாவை வீட்டில் தனியாக விட்டுப் போவதில் அவருக்குச் சம்மதமில்லை. குற்றாலத்தில் அம்மாவின் அக்கா இருந்தாள். எங்களுக்குப் பெரியம்மா. பிள்ளை இல்லாதவள். பெரியப்பா காலமாகும்போது விட்டுப்போன நீளமான வீட்டைத் தடுத்து அறைகளாக்கி, சாரல் காலத்தில் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுச் சமைத்தும் போட்டுக்கொண்டிருந்தாள். "கையாளுக்குத் தங்கச்சிய அனுப்பிவையுங்க" என்று அவள் சொல்லியனுப்ப, அப்பாவும் சரியென்றார். எங்களை வண்டியேற்றிவிட்டு அவர் ரயிலுக்குப் போனார். நான் அழுதேன். அம்மா அழவில்லை.

மேலகரம் தாண்டியதும் வெயில் நின்றுவிட்டது. மலை முழுவதும் மேகத்துக்குள் போயிருந்தது. எங்கிருந்து விழுகிறதென்று தெரியாமல் பொடிப்பொடியாகச் சாரல் முகத்தில் விழுந்தது. மாடுகளின் முதுகெல்லாம் முத்து முத்தாக நின்றது. தம்பி நாக்கை நீட்டி அதைப் பிடிக்கப் பார்த்தான். அம்மாவும் நாக்கை நீட்டினாள். நான் பயந்துபோய் வண்டிக்காரர் பார்க்கிறாரா என்று பார்த்தேன்.

பெரியம்மா வீட்டில் எந்த நேரமும் ஈரத்துணி வாடையும் நல்லெண்ணெய் வாடையும் சுடுசோற்று வாடையும் கலந்திருக்கும். துவைத்த துணி ஒன்றும் காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்துவார்கள். அதனால் அந்த இரண்டு மாதமும் எங்கள் எல்லோர் மேலும் சாம்பார் மணத்தது. குரங்குகள் ஓட்டைப் பிரித்து எட்டிப் பார்க்கும். வாசலில் கூடை கூடையாக மங்குஸ்தான் போகும். பெரியம்மாவுக்குக் குரல் மட்டும் பெரியது. கோபம் வந்து நான் பார்த்ததில்லை. வாடகைக்கு வந்த உத்தியோகஸ்தர்களைக்கூட, "ஏய்யா, எண்ணெத் தலையோட பாயில சாயாதீரும்" என்று அதட்டுவாள். அவர்களும் எழுந்துவிடுவார்கள்.

விடியற்காலையில் பெரியம்மாவும் அம்மாவும் எங்களைக் கூட்டிக்கொண்டு பேரருவிக்குப் போவார்கள். போவதற்கு முன்னால் பெரியம்மா எல்லோருக்கும் எண்ணெய் தேய்ப்பாள். முதல் நாள் அம்மாவுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தவளின் கை தோள்பட்டைக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டது. அங்கே கத்தரிக்காய் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடம். "என்னட்டி இது?" என்றாள். "அருவித் தண்ணி வேகமா விழுந்துட்டுக்கா" என்றாள் அம்மா. நாங்கள் இன்னும் அருவிக்கே போகவில்லை. பெரியம்மா அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றித் தேய்த்தாள். எனக்கு அந்தப் பதில் சரியாகவே பட்டது. அருவி அடிக்கும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்! இரண்டு வாரத்தில், தினமும் அருவியில் நின்றும், அந்தத் தடம் மஞ்சளாகி மறைந்துபோனது. அதையும் நான் யோசிக்கவில்லை.

முதல் பத்து நாளும் சாயங்காலம் ஐந்து மணியானால் அம்மா வாசலைப் பார்ப்பாள். அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டு வந்து கூடத்தைப் பெருக்குவாள். "ஏட்டி, இப்பந்தானே பெருக்குன?" என்று பெரியம்மா கேட்டால் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பாள். பிறகு ஒருநாள் ஐந்து மணி அடித்ததை அவள் கவனிக்கவேயில்லை. பலாச்சுளை உரித்துக்கொண்டே பெரியம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்க் கை என்பதால் முகத்தில் விழுந்த மயிரை முழங்கையால் ஒதுக்கினாள். அம்மாவுக்கு அப்படியொரு சிரிப்பு இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். அந்தச் சாரல் காலத்தில் எனக்கும் தம்பிக்கும் அடியே விழவில்லை. ஆனால் எனக்கு மட்டும் கை சும்மா இருக்கவில்லை. தம்பியின் விலாவில் புதிது புதிதாகக் கன்றிக்கொண்டுதான் இருந்தது.

நடு அறையில் ஒரு சப்ஜட்ஜின் மனைவி தங்கியிருந்தாள். மூட்டுவலிக்கு அருவிக் குளியல் நல்லதென்று மகளோடு வந்தவள். நாங்கள் ஜட்ஜம்மா என்போம். நல்ல உயரம். கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரிகை வாசிக்கிற பொம்பிளையை நான் முதன்முதலாகப் பார்த்தது அவளைத்தான். மகளுக்கு என்னைவிட ஒரு வயது குறைவு. என்னைப் பற்றி முன்பின் தெரியாததால் என்னோடு விளையாட வந்தாள்.

ஒருநாள் பகலில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. புறவாசல் பலாமரத்தடியில் அப்பா அம்மா விளையாட்டு நடந்தது. அந்தப் பெண் அம்மா, தம்பி பிள்ளை, நான் அப்பா. துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு வாசலிலிருந்து வந்தேன்.

"எங்க வீட்ல அப்பா வந்தா மொதல்ல காப்பி கேப்பாவ" என்று அவள் இலையில் மண்ணை வைத்து நீட்டினாள்.

"பேசாம இரிட்டி, ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "ஏளா, கூப்பிட்டா ஒனக்குக் காது கேக்காதா?" என்று கேட்டு அவள் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டேன்.

அவள் வீறிட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. "இப்படி அழப்படாது. அம்மான்னா சத்தம் போட்டு அழ மாட்டாவ. அடுக்களைக்குள்ள போயி முந்தானைய வாயில வச்சிக்கிடணும். பொறவு வெளிய வந்து இவனப் போட்டு அடிக்கணும்" என்று தம்பியைக் காட்டினேன்.

தம்பி, முறை தெரிந்தவனாக, திரும்பி முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "அவன் என்ன செஞ்சான்?" என்று கேட்டாள்.

"அவன் ஒண்ணும் செய்யாண்டாம்" என்றேன் நான்.

அப்போதுதான் கிணற்றடியில் அம்மா நிற்பதைப் பார்த்தேன். அரிசி களைந்துகொண்டிருந்த பானை அவள் கையில் சாய்ந்து, கழுநீரோடு அரிசியும் கொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. வீறிட்ட சத்தம் கேட்டு ஜட்ஜம்மாவும் வந்துவிட்டாள். மகளின் கன்னத்தில் என் நாலு விரலும் பதிந்திருந்தது.

"யாரு சொல்லித் தந்தா இந்த வெளையாட்ட?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"வெளையாட்டு இல்ல. நெசமாவே அப்படித்தான்" என்றேன். உண்மையைச் சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஜட்ஜம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். இப்போது பெரிய சண்டை வரும், அதற்குப் பிறகு எனக்குச் செம்மையாக விழும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஜட்ஜம்மா சண்டை போடவில்லை. "பிள்ளைக சமாச்சாரம், விடும்மா" என்று அம்மாவின் தோளைத் தொடக் கை நீட்டினாள். அந்தக் கை வருவதைப் பார்த்ததும் அம்மா சட்டென்று முகத்தை ஒதுக்கித் தோளுக்குள் புதைத்துக்கொண்டாள். ஜட்ஜம்மாவின் கை பாதியில் நின்றது.

அன்று விளக்கேற்றுகிற நேரத்தில் அம்மா என்னை நெல் போட்டுவைக்கும் அறைக்குக் கூப்பிட்டாள். வந்துவிட்டது என்று முதுகைக் காட்டி நின்றேன். அவள் என்னைத் திருப்பினாள்.

"நான் ஒன்னைய எப்படிட்டி அடிப்பேன்? அடிச்சிக் காட்டு."

விளங்காமல் நின்றேன்.

"எங் கையில அடி. நான் எப்படி அடிப்பனோ, அப்படி."

முதலில் மெதுவாக அடித்தேன். "இப்படியா அடிப்பேன்?" என்றாள். இல்லையென்று தலையாட்டிவிட்டு, பல்லைக் கடித்து, எனக்குத் தெரிந்த அளவுக்கு ஓங்கி அடித்தேன். பட்டென்று சத்தம் கேட்டது. அம்மா தன் கையைப் பார்த்தாள். வெள்ளையாகத் தெரிந்த இடம் மெல்லச் சிவப்பதை முழுவதும் பார்த்தாள். அதை மற்றக் கையால் மூடிக்கொண்டு, "போயிச் சாப்பிடு தாயி" என்றாள். அவள் என்னைத் தாயி என்று கூப்பிட்டதில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏனென்று தெரியாமலே அழுதேன்.

பிறகு அடுக்களையில் பெரியம்மாவும் அவளும் பேசிக்கொண்டிருந்ததைச் சோறு தின்றுகொண்டே கேட்டேன்.

"இவ கை எங் கைதாங்கா. அச்சு அசல் எங் கை. அவிய கையும் அதுதான்" என்றாள் அம்மா.

"ரெண்டு பேரையும் வச்சிக்கிட எனக்கு ஆச இல்லியா? ஆம்பளப் பிள்ளைய மாப்பிள்ள விடமாட்டாரு. இவளயாவது விட்டுட்டுப் போ" என்றாள் பெரியம்மா.

"எம் பக்கத்துல இருந்தா நான் அடிச்சிருவேன்கா. வேண்டாம்னு நெனச்சிக்கிட்டேதான் அடிக்கேன்."

நான் சோற்றுக் கையை விரித்துப் பார்த்தேன். அப்பாவின் கையும் அம்மாவின் கையும் ஒருசேர எனக்கு வாய்த்திருப்பது பெருமையாகத்தான் இருந்தது.

ஆடி முடிகிற சமயம் அப்பா வந்தார். வழக்கு ஜெயித்திருந்தது. வண்டியிலிருந்து இறங்கும்போதே ஒரு கூடை மங்குஸ்தானும் தம்பிக்கு ஒரு மரக்குதிரையும் இறங்கின. நான் ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவர் என்னைத் தூக்கி, "எந் தங்கம், எளைச்சிட்டியே" என்றார். தம்பி பெரியம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

கூடத்தில் எப்போதும் இல்லாத வழக்கமாக ஜட்ஜம்மா ஒரு நாற்காலியைப் போட்டுப் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தாள். யாரென்று பெரியம்மா சொன்னதும் அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். வக்கீல் குமாஸ்தாவுக்கு ஜட்ஜ் வீட்டு நாற்காலிகூடக் கும்பிடத் தக்கதுதான்.

காப்பி குடித்து முடித்ததும் பெரியம்மா தொடங்கினாள். "மாப்பிள்ள, ஒரு சமாச்சாரம். பிள்ளைக்குக் கணைச்சூடு. ராத்திரியானா ஒடம்பு அனலாக் கொதிக்கு. தின்னது ஒடம்புல ஒட்ட மாட்டேங்கு. ஒரு வருசமாவது அருவித் தண்ணி தலையில விழணும்னு வைத்தியரு சொல்லுதாரு. இவ எங்கிட்ட இருக்கட்டும். இங்கனயே பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்த வைத்தியரும் என்னைத் தொட்டுப் பார்க்கவில்லை. பொய் சொன்னதற்காக என் கன்னத்தைப் பழுக்கவைத்த அம்மா இந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டு பேசாமல் நிற்கிறாள்!

"எனக்கு ஒரு சூடும் கெடையாதுப்பா! பொய் சொல்லுதாவ. நான் ஒங்ககூடத்தான் வருவேன்!" என்று கத்தினேன்.

அப்பா சிரித்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "என்னளா இது?"

"சூடு இருக்கு. அவளுக்குத் தெரியாது" என்றாள் அம்மா.

"பிள்ள வாரேங்கு. சாமானைக் கெட்டு."

"இல்ல. அவ வரல."

என் ஒன்பது வயசுக்குள் அம்மா அப்பாவிடம் இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. அடுக்களை நிலையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அப்பாவின் வலது கை முழங்கையிலிருந்து மெல்ல மேலே எழுந்தது. அடுத்து வருவது எனக்குத் தெரியும். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் நிலையை விட்டு நகரவில்லை. என்னால்தான் இது என்று நான் அன்றைக்கும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏனோ பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன். இந்தக் கூடத்துக்குச் சாத்திக்கொள்ளக் கதவு இல்லை.

பத்திரிகை மடிக்கும் சத்தம் கேட்டது.

"குமாஸ்தா, கணைச்சூட்ட லேசா நெனச்சிரப்படாது" என்றாள் ஜட்ஜம்மா. குரலை உயர்த்தவேயில்லை. "எம் மவளுக்கும் இருந்தது. அருவிதான் தீத்துவச்சிது. பிள்ளை எப்படி இருக்கான்னு மாசாமாசம் இந்த வீட்டுக்கு ஆளு அனுப்பி விசாரிப்பேன். தாயாரு எப்படி இருக்காவன்னு ஒங்க தென்காசி வீட்டுக்கும் ஆளு அனுப்பி விசாரிப்பேன். பிள்ளையப் பிரிஞ்சி இருக்கப் போறவ, பாவம்."

எழுந்த கை எங்கே போவதென்று தெரியாமல் ஒரு கணம் நின்றது. பிறகு தலைப்பாகையைச் சரிசெய்தது. "அம்மா சொன்னாச் சரிதான்" என்றார் அப்பா. "பிள்ள ஒடம்புதானே முக்கியம்." என் தலையைத் தடவிக்கொடுத்தார். மதினிக்குச் சிரமம் இல்லையே என்று பெரியம்மாவிடம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

ஒரு வருஷம் என்று சொன்னது நாலு வருஷம் ஆயிற்று. முதல் ஆறு மாதம் குற்றாலத்துப் பள்ளிக்கூடத்திலும் என் பக்கத்தில் ஒரு பிள்ளையும் உட்காரவில்லை. பெரியம்மாவிடம் புகார் வரும். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அரிக்கோ? இந்தா, இதத் திருவு" என்று தேங்காய் மூடியையும் திருவலையையும் கொடுத்துவிடுவாள். அந்தச் சாரல் காலங்களில் வாடகைக்கு வந்தவர்கள் தின்ற துவையலில் பாதி என் கோபத்தில் அரைத்தது. அவள் என்னை அடிக்கப்போகிறாள் என்று ரொம்ப நாள் காத்திருந்தேன். அடி வரவில்லை. காத்திருந்து காத்திருந்து எனக்கே அது மறந்துபோயிற்று. எப்போதிருந்து கை அரிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அம்மா தம்பியை ஒரு தடவைகூட அடிக்கவில்லை. பெரியவனான பிறகு அவனே சொன்னான். கை எழும்பிவிட்டால் அவனை அப்படியே விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய், வேண்டிய தண்ணீர் இருந்தாலும் இன்னும் இறைத்துக்கொண்டிருப்பாளாம். பூனையும் பயமில்லாமல் அடுப்படியில் படுக்கத் தொடங்கிவிட்டதாம். ஜட்ஜம்மா அனுப்பிய ஆள் ஒரு வருஷம்வரை தென்காசி வீட்டு வாசலில் வந்து நின்று விசாரித்துப் போனான். பிறகு அவர்களுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. அப்பா மாறவில்லை. வயதான பிறகு கை ஓங்கத் தெம்பில்லாமல் போயிற்று. அதைத்தான் தெருவில் நிதானம் என்று சொன்னார்கள். பிள்ளைகளை அடிக்காதவர் என்ற பெயர் கடைசிவரை அவருக்கு இருந்தது.

குற்றாலத்திலிருந்து திரும்பிப்போன அந்த நாளைப் பற்றித் தம்பிக்கு ஒன்றுதான் நினைவிருக்கிறது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அடுக்களைக் கதவு வெகுநேரம் சாத்தியே இருந்ததாம். அவன் மரக்குதிரையை வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தானாம்.

எனக்கு நினைவிருப்பது வண்டி புறப்பட்டதுதான். அப்பா முன்னால் வண்டிக்காரருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அம்மா என் முன்னால் வந்து நின்றாள். என் பாவாடை நாடாவை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். "பெரியம்மா சொன்னபடி கேளு" என்று மட்டும் சொன்னாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்னைப் பிடிக்காமல்தான் விட்டுவிட்டுப் போகிறாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கூட ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். நான் இல்லாவிட்டால் வண்டியில் இடம் தாராளமாக இருக்கும். அவள் காலை நீட்டிக்கொண்டு சொகுசாகப் போகலாம்.

வண்டி நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. பின்பக்கத் திறப்பில் அம்மா தெரிந்தாள். தம்பியை மடியில் இறுக்கிக்கொண்டு, கால்களை மடக்கி, கூண்டின் ஓரத்தோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நான் உட்காரும் இடம் காலியாகவே இருந்தது. வண்டி திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு இடம் இருந்தும் அவள் ஏன் நகர்ந்து உட்காரவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.